உடன் சென்ற பொருள்கள்

கல்வியின் பொருட்டு வீட்டைப் பிரிந்து செல்லுதல் தமிழர்க்குப் புதியதன்று. தலைவன் தலைவியைப் பிரிவதற்குரிய காரணங்களைக் கூறுமிடத்துத் தொல்காப்பியம் ஓதலையும் அவற்றுள் ஒன்றாக வைத்து எண்ணுகிறது. பகை மேல் செல்வோரும் தூது செல்வோரும் பிரிவது போலவே கற்கச் செல்வோரும் பிரிவர். ஆயின், அப்பிரிவு மூன்று ஆண்டுகளுக்கு மேற்படலாகாது என்று அந்நூல் ஓர் எல்லையும் வகுத்துள்ளது. எல்லை வகுத்த ஆசிரியர் பிரிவின் துன்பத்தை நன்கு அறிந்தவராகவே இருத்தல் வேண்டும். ஓதச் சென்றவன் தன் வீட்டிலிருந்து எதனை உடன் எடுத்துச் சென்றான் என்பதை மட்டும் இலக்கணம் கூறவில்லை. அது கூற வேண்டிய செய்தியும் அன்று.

அதனை அறிய விரும்புவோர் மாணவர் விடுதி ஒன்றில் புதிதாகச் சேர்ந்த மாணவனின் பெட்டியைத் திறந்து பார்த்தால் போதும். தகரப் பெட்டியைத் தலையில் சுமந்து தந்தை முன்னே நடக்க, மாணவன் பின்னே சென்று விடுதியில் சேர்ந்த காலம் ஒன்று இருந்தது. அப்பெட்டியின் மேற்பகுதியில் வேட்டிகளும் சட்டைகளும் புத்தகங்களும் இருக்கும். அவை எவரும் காணத்தக்கவை. துணியால் வாய் கட்டிய ஊறுகாய்ச் சாடி, பருப்புப் பொடி அடைத்த டப்பா, குலதெய்வக் கோயிலின் திருநீற்றுப் பொட்டலம் ஆகியவை அவற்றின் கீழே இருக்கும். எல்லாவற்றிற்கும் அடியில் தாயின் பழைய நூற்சேலை ஒன்று நான்காக மடிக்கப் பெற்றிருக்கும். போர்த்துக் கொள்வதற்கு என்று சொல்லித்தான் தாய் அதனை வைத்திருப்பாள். புதிய போர்வை வாங்கப் பணம் இல்லாமையும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால், படித்து முடித்து, ஊதியம் பெற்று, கம்பளியே வாங்கிய பின்னரும் அச்சேலையை எறிய மனம் வராதவர் பலர்.

இன்று தகரப் பெட்டிகள் அருகி, உருளை பூட்டிய பெட்டிகள் வந்துவிட்டன. கைப்பேசி வாயிலாகத் தாயின் குரலை நாள்தோறும் கேட்கலாம், முகத்தையும் காணலாம். ஆயினும், பெட்டியின் அடியில் சேலை வைக்கும் வழக்கம் அடியோடு மறைந்து விடவில்லை. பேச்சு முடிந்ததும் குரல் போய்விடும். சேலை விடியும் வரை உடனிருக்கும்.

ஊரை எண்ணி ஏங்குவது சிறுபிள்ளைத்தனம் என்று சிலர் நகைப்பர். மருத்துவ நூலார் அவ்வாறு நகைக்கவில்லை. சுவிட்சர்லாந்து நாட்டுப் பாசெல் நகரில் யோஹான்னஸ் ஹோஃபர் என்னும் மருத்துவ மாணவர் 1688ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுரை எழுதினார். வீடு திரும்புதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும், துன்பத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் இணைத்து, ‘நாஸ்டால்ஜியா’ என்னும் புதுச்சொல்லை அவ்வாய்வுரையில் அவர் படைத்தார். ஊர் ஏக்கத்தை அவர் ஒரு நோயாகவே கருதினார். அவர் எடுத்துக்காட்டிய நோயாளருள் ஒருவன் மாணவன். பேர்ன் நகரிலிருந்து பாசெல் நகருக்குப் படிக்க வந்த அவ்விளைஞன் நாளுக்கு நாள் மெலிந்தான், காய்ச்சலுற்றான், பிழைப்பது அரிது என்று பிறர் எண்ணும் நிலையை அடைந்தான். இறுதியில் அவனை ஊருக்கு அனுப்புவதே மருந்து என்று முடிவு செய்தனர். பயண ஏற்பாடுகளைக் கண்ட அளவிலேயே அவன் தேறத் தொடங்கினான். பேர்ன் நகரை அடையுமுன்னரே அவன் நோய் நீங்கிற்று என்று ஹோஃபர் எழுதியுள்ளார். அவன் பிரிந்திருந்த ஊர் கடல் கடந்த ஊரன்று, அண்டை நகரமே.

இன்றைய மருத்துவம் ஊர் ஏக்கத்தைத் தனியொரு நோயாகக் கொள்வதில்லை. ஆயினும், ஒரு துணியின் மணம் வீட்டைக் கண்முன் கொண்டுவந்து நிறுத்துவது ஏன் என்பதற்கு அது விடை கூறுகிறது. மூக்கில் தொடங்கும் மணவுணர்வு, மூளையில் நினைவுக்கும் உணர்ச்சிக்கும் உரிய பகுதிகளை மிகக் குறுகிய வழியில் சென்று சேர்கிறது. ஆகவே, ஊறுகாய்ச் சாடியின் வாயைத் திறந்த மாணவன், ‘இஃது எங்கள் வீட்டு மணம்’ என்று எண்ணி முடிக்குமுன்னரே அவன் கண்கள் கலங்கிவிடுகின்றன.

கணித மேதை இராமானுஜன் 1914ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறினார். அதற்குச் சில நாள்கள் முன்னரே தாயாரையும் மனைவியாரையும் கும்பகோணத்திற்கு அனுப்பிவிட்டார். அவர்கள் சென்ற பின்னரே குடுமி களையப்பட்டது. குடுமி இல்லாத தலையைத் தாய் காணலாகாது என்று அவர் எண்ணினார் போலும். பிறரெல்லாம் வீட்டின் அடையாளம் ஒன்றைத் தேடி எடுத்துச் செல்வர். இராமானுஜனோ இருந்த அடையாளத்தை இழந்து சென்றார்.

கேம்பிரிட்ஜ் நகரில் டிரினிட்டிக் கல்லூரியில் அவர் தாமே சமைத்து உண்டார். புலால் உண்ணாத அவருக்குக் கல்லூரி உணவு ஒத்துவரவில்லை. ஊரிலிருந்து உணவுப் பொருள்கள் பார்சலாகச் சென்றன. தாய் அனுப்பிய பொருள் உண்ண உண்ணக் குறையும். மற்றொரு பார்சல் வருமளவும் காத்திருத்தல் வேண்டும். அதற்குள் உலகப் போர் மூண்டு கடல் வழியை இடர்மிக்கதாக்கிவிட்டது.

பின்னாளில் புள்ளியியல் அறிஞராகப் புகழ்பெற்ற மகலனோபிஸ் அந்நாளில் அங்கு மாணவராக இருந்தார். இரவில் குளிர் தாங்க முடியவில்லை என்றும், மேலங்கியை அணிந்து சால்வையைச் சுற்றிக்கொண்டு உறங்குவதாகவும் இராமானுஜன் ஒருநாள் அவரிடம் கூறினார். மகலனோபிஸ் படுக்கையைச் சென்று பார்த்தார். கம்பளிகள் இருந்தன, மெத்தையோடு சேர்த்து இறுக மடித்துச் செருகப்பட்டிருந்தன. அவற்றின் உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது இராமானுஜனுக்குத் தெரியவில்லை, மேலேயே படுத்திருந்தார். எண்களின் மறைபொருளை எல்லாம் கண்டவர்க்குக் கம்பளியின் மறைபொருள் விளங்கவில்லையே என்று வியப்பதில் பயனில்லை. போர்வையை விரித்து மேலே போர்த்துக்கொள்ளும் நாட்டில் பிறந்தவர் அவர். மூன்றாண்டு என்னும் ஓதற்பிரிவின் எல்லையைக் கடந்து, ஐந்தாண்டுகள் கழித்து 1919ஆம் ஆண்டில் அவர் நோயுற்ற உடலோடு திரும்பினார். மறு ஆண்டே மறைந்தார்.

இராமானுஜன் தம் அடையாளத்தைத் தாமே களைந்தார். பிறரால் அடையாளம் பறிக்கப்பட்ட மாணவரும் உண்டு. அமெரிக்கப் பழங்குடி மக்களின் பிள்ளைகளை அவர்களுடைய மொழியிலிருந்தும் வழக்கங்களிலிருந்தும் பிரித்து வளர்ப்பதற்கென்றே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உறைவிடப் பள்ளிகள் பல தோன்றின. அத்தகைய பள்ளி ஒன்றில் பயின்ற ஒரு சிறுமி, வளர்ந்து எழுத்தாளர் ஆகித் தம் வரலாற்றைத் தாமே எழுதினார். அவர் பெயர் சிட்காலா-சா. அவருடைய மக்களின் மொழியில் அதற்குச் செம்பறவை என்பது பொருள்.

1876ஆம் ஆண்டில் பிறந்த அவர், எட்டாம் வயதில் இந்தியானா மாநிலத்துப் பள்ளி ஒன்றிற்கு அழைத்துச் செல்லப்பட்டார். தாய்க்கு அவரை அனுப்ப மனமில்லை. கிழக்கே சென்றால் செந்நிற ஆப்பிள் பழங்களை வேண்டுமளவு பறித்து உண்ணலாம் என்று கேட்ட குழந்தைக்கோ போகாமல் இருக்க மனமில்லை. கனத்த போர்வை ஒன்றைப் போர்த்து, மென்தோலால் ஆன மிதியடி அணிந்து அவர் புறப்பட்டார். அவை இரண்டும் அவருடைய ஊர் வழக்கப்படி அமைந்தவை. புகைவண்டியில் எதிரே இருந்த வெள்ளைக் குழந்தைகள் அம்மிதியடியைச் சுட்டிச் சுட்டிக் காட்டினர். பள்ளியை அடைந்ததும் போர்வை தோளிலிருந்து உருவி எடுக்கப்பட்டது. பின்னர்க் கூந்தலையும் வெட்டப்போகிறார்கள் என்று தெரிந்து, அவர் மாடியில் ஓர் அறையில் கட்டிலின் அடியில் ஒளிந்துகொண்டார். அவரை இழுத்து வந்து, நாற்காலியில் கட்டிவைத்துக் கூந்தலை வெட்டினர். அவருடைய மக்களிடையே இழவு காப்போரும், போரில் பகைவரிடம் அகப்பட்ட கோழைகளுமே முடி குறைக்கப்பட்டவர் ஆவர். எட்டு வயதுக் குழந்தைக்கு அது தெரிந்திருந்தது, வெட்டியவர்களுக்குத் தெரியவில்லை.

மூன்றாண்டுகள் கழித்து அவர் ஊர் திரும்பினார். சில ஆண்டுகள் தாயுடன் இருந்தார். மீண்டும் படிக்கச் சென்றபோது வெறுங்கையோடு செல்லவில்லை. ஊரில் இருந்த மருத்துவர் ஒருவரை மறைவாகக் கண்டு, மந்திர வேர்கள் சிலவற்றைப் பெற்றுக்கொண்டார். அவ்வேர்கள் உடனிருந்தால் செல்லுமிடமெல்லாம் நண்பர் கிடைப்பர் என்பது நம்பிக்கை. வேர்கள் ஒரு சிறு மான்தோல் பையில் இருந்தன. பள்ளியின் பாடங்களுக்கும் வேலைகளுக்கும் இடையே ஓராண்டுக்கு மேலாக அவர் அப்பையை அணிந்திருந்தார். எவரும் அதனைக் காணவில்லை. போர்வையைப் பறித்தவர்களின் கண்ணுக்கு அகப்படாமல் அவர் காத்த பொருள் அது ஒன்றே.

பிறகு ஒருநாள் அப்பை தொலைந்துவிட்டது. வேர்களின் மேல் வைத்த நம்பிக்கையைத் தாம் இழக்குமுன்னரே பையை இழந்ததாக அவர் எழுதுகிறார். பள்ளி அவரிடமிருந்து பறிக்காத ஒன்றைக் காலம் தானே எடுத்துக்கொண்டது. அவர் மேலும் பயின்று கல்லூரிக்குச் சென்றார். தாய் அதனை விரும்பவில்லை. 1896ஆம் ஆண்டில் மாநிலச் சொற்பொழிவுப் போட்டியில் பரிசு பெற்றார். போட்டிக்கு வந்திருந்த பிற கல்லூரி மாணவர் சிலர் அவருடைய இனத்தை இகழும் கொடி ஒன்றை அரங்கில் உயர்த்திப் பிடித்தனர். நடுவர்கள் பரிசு அறிவித்ததும் அக்கொடி தாழ்ந்தது. ஆயினும், அன்றிரவு அறைக்குத் திரும்பியவர் மகிழவில்லை. தொலைவில் மேற்குச் சமவெளியில் இருந்த தாய் தம்மீது மனக்குறையோடு இருக்கிறார் என்னும் எண்ணமே அவரை வாட்டியது. தொட்டுப் பார்த்துக்கொள்ள அப்போது அவரிடம் பையும் இல்லை.

பின்னாளில் தம் மக்களின் உரிமைக்காக அவர் உழைத்தார். 1926ஆம் ஆண்டில் அமெரிக்கப் பழங்குடியினரின் தேசியக் கழகம் ஒன்றை நிறுவினார்.

காந்தியடிகள் இங்கிலாந்திற்குக் கப்பலேறியது 1888ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள். அப்போது அவருக்கு 19 வயது நிறைவு பெறவில்லை. தந்தையார் 1885ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்டார். கடல் கடந்தால் சாதியினின்று விலக்குவோம் என்று பம்பாயில் கூடிய சாதிக் கூட்டத்தார் அச்சுறுத்தினர், அச்சுறுத்தியபடியே விலக்கினர். அன்னை புத்லிபாய் அம்மையார்க்கு அச்சம் வேறு வகையினது. இளைஞர்கள் அந்நாட்டிற்குச் சென்று கெட்டுவிடுகின்றனர் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். பேச்சர்ஜி சுவாமி என்னும் சமணத் துறவியார் முன்னிலையில், மது, மாது, புலால் ஆகிய மூன்றையும் தீண்டேன் என்று மகன் உறுதிமொழி கூறிய பின்னரே அவர் இசைந்தார்.

புறப்படுமுன் காந்தியடிகளும் தம் குடுமியைக் களைந்துவிட்டார். தொப்பியைக் கழற்றும்போது ஆங்கிலேயர் கண்டு நகைப்பர் என்பது காரணம். அது கோழைத்தனம் என்று பிற்காலத்தில் அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் ஒப்புக்கொண்டார். ஆயின், வைணவக் குடும்பத்தார் அணியும் துளசிமணி மாலை அவர் கழுத்தில் இருந்தது. அதனை அணிவித்தவர் அன்னையார்.

இலண்டனில் முதல் சில வாரங்கள் கொடியவை. பகலில் புதிய பழக்கங்களைக் கற்றுக்கொள்வதில் பொழுது கழியும். இரவில் அன்னையின் அன்பு நினைவிற்கு வரும், கண்ணீர் கன்னங்களில் வழியும், உறக்கம் வாராது. இத்துயரை எவரிடமும் சொல்லிக்கொள்ள முடியவில்லை என்று அவர் எழுதியுள்ளார். உப்புச் சப்பற்ற காய்களை உண்டு பசியோடு இருந்த அவரைப் புலால் உண்ணுமாறு நண்பர் ஒருவர் நாள்தோறும் வற்புறுத்தினார். எழுத்தறியாத தாய் ஒருத்தியின் முன், இந்நாட்டின் நிலைமை அறியாமல் செய்த உறுதிமொழிக்கு என்ன மதிப்பு என்பது அந்நண்பரின் வாதம். வாதத்தில் காந்தியடிகளால் அவரை வெல்ல முடியவில்லை. உண்ணவும் இல்லை. ஃபாரிங்டன் தெருவில் மரக்கறி உணவகம் ஒன்றைக் கண்டுபிடித்த அன்றுதான் அவர் இங்கிலாந்தில் முதன்முறையாக வயிறார உண்டார்.

1891ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் அவர் வழக்கறிஞர் தகுதி பெற்றார். ஒருநாள்கூட வீணாக்கவில்லை, 12ஆம் நாளே கப்பலேறிவிட்டார். மூன்றாண்டு எல்லை நிறைவுறுமுன்னரே பம்பாய்த் துறையில் இறங்கினார். வரவேற்க வந்த தமையனார் அப்போதுதான் அன்னையார் மறைந்த செய்தியைத் தெரிவித்தார். அயல்நாட்டில் தனியே இருப்பவன் தாங்கமாட்டான் என்று எண்ணி அதனை அதுகாறும் மறைத்திருந்தனர். தந்தை இறந்தபோது உற்ற துயரினும் இத்துயர் பெரிதாயிற்று. ஆயினும், அவர் கண்ணீரை அடக்கிக்கொண்டு அன்றாடக் கடமைகளில் ஈடுபட்டார்.

இரண்டாண்டுகள் கழித்து, 1893ஆம் ஆண்டில், காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியா நகரில் இருந்தார். அங்கே கோட்ஸ் என்னும் கிறித்தவ நண்பர் அவரிடம் உண்மையான அன்பு பூண்டிருந்தார். ஒருநாள் கோட்சின் கண் காந்தியடிகளின் கழுத்திலிருந்த துளசிமணி மாலையின் மீது விழுந்தது. அது மூடநம்பிக்கை என்று அவர் கருதினார். தம் நண்பர் இதனை அணிந்திருப்பது அவருக்கு வருத்தமாக இருந்தது. அறுத்து எறிந்துவிடலாம் என்று அவரே கை நீட்ட முன்வந்தார்.

அன்னை மகனைக் கடைசியாகக் கண்டது 1888ஆம் ஆண்டில். ஆகவே, அம்மாலை அதற்கு முன்னர் அணிவிக்கப்பட்டதாகவே இருத்தல் வேண்டும். இலண்டனில் உறக்கமின்றிக் கழித்த இரவுகளிலும், மரக்கறி உணவகத்தைத் தேடி அலைந்த நாள்களிலும், தாயில்லாத வீட்டிற்குத் திரும்பிய அன்றும் அஃது அவருடன் இருந்தது. அணிவித்த கை இப்போது இல்லை. வேறொரு மாலை வாங்கலாம். அந்தக் கையால் அணிவிக்கப்பட்ட மாலையை இனிப் பெற இயலாது.

காந்தியடிகள் இணங்கவில்லை. இது தம் அன்னையார் தந்த புனிதப் பொருள் என்றார். இதன் ஆற்றலில் நம்பிக்கை உண்டா என்று கோட்ஸ் கேட்டார். அதற்கு அவர் கூறிய விடை எண்ணத்தக்கது. இதன் மறைபொருள் தமக்குத் தெரியாது என்றார். அணியாவிடில் தீங்கு நேரும் என்றும் தாம் கருதவில்லை என்றார். ஆனால், அன்பினால், மகனுக்கு நன்மை பயக்கும் என்று நம்பி அன்னையார் அணிவித்த ஒன்றைத் தக்க காரணமின்றிக் களையமுடியாது என்றார். நாளடைவில் தேய்ந்து தானாகவே அறுந்து விழுமாயின், புதியதொன்றை வாங்கி அணியும் விருப்பம் தமக்கு இல்லை; இந்த மாலையை மட்டும் அறுக்க விடமாட்டேன் என்றும் கூறினார்.

குடுமியைப் பிறர் நகைப்புக்கு அஞ்சிக் களைந்த அதே இளைஞர்தாம் இவ்விடையைக் கூறினார். இடையே கழிந்தவை ஐந்து ஆண்டுகள்.

கோட்ஸ் அவருடைய நட்பை விட்டுவிடவில்லை. தம் சமய நூல்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்து வந்தார். காந்தியடிகளும் அவற்றைத் தவறாமல் படித்து, தமக்கு எழுந்த ஐயங்களை நண்பரோடு பேசி வந்தார். அவ்வாறு பேசிக்கொண்டிருந்த நாள்களிலும் அம்மாலை அவர் கழுத்திலேயே இருந்தது.